உதகையில் மூச்சு வாங்குகிறது, அறிக்கையில் எல்லாம் ‘நார்மல்’

கேள்வி: எனக்கு வயது 39. அரசுப் பள்ளி ஆசிரியை. தஞ்சாவூரிலிருந்து பணி மாறுதலில் உதகமண்டலம் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. சமதரையில் நடந்தால் ஒன்றும் தெரிவதில்லை. மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு மேடு ஏறினாலும், எல்க்ஹில் முருகன் கோயிலுக்குப் போனாலும் நடுவில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் இங்கே 93, 94 என்று காட்டுகிறது. மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் பார்த்தால் 98. நுரையீரலில் கோளாறோ என்று பயந்து எக்ஸ்ரே எடுத்தோம். சரியாக இருக்கிறது என்றார்கள். தஞ்சாவூரில் 11.8 ஆக இருந்த ஹீமோகுளோபின் இங்கே 12.5 ஆகியிருக்கிறது, அறிக்கையில் ‘நார்மல்’ என்று போட்டிருக்கிறார்கள். மலைக்காற்றில் ரத்தம் ஊறிவிட்டது என்கிறார் மாமியார். மாதவிலக்கு ஆறு நாள் இருக்கும், முதல் மூன்று நாள் அதிகமாகவே போகும். பிளஸ் ஒன் படிக்கும் மகளோ, இங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்கிறாள். உண்மையா? கடையில் விற்கும் ஆக்சிஜன் கேன் வாங்கி வைத்துக்கொள்ளலாமா? மூச்சும் ரத்தமும் இதயமும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்று எங்கள் இருவருக்கும் புரியும்படி எழுதுங்கள். பி.கு.: குளிர் அதிகமான இரவுகளில், கரி நன்றாகக் கனன்று புகை நின்ற பிறகு, கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்துக்கொள்கிறோம். மறுநாள் காலை வீட்டில் மூவருக்குமே தலை கனமாக இருக்கிறது. அதுவும் மலைக்காற்றால்தானா?
— வாசகி, உதகமண்டலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பின்குறிப்பாக நீங்கள் எழுதியிருப்பதற்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், அது இன்றிரவு வரை கூடப் பொறுக்காது. கணப்புச் சட்டியை இனி மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். புகை நின்றுவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நீலகிரியில் பலர் நம்புகிறார்கள். உண்மையில், கனன்றுகொண்டிருக்கும் கரிதான் மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு வாயுவை மிகுதியாக வெளிவிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்வதால், ஆக்சிஜன் ஏற வேண்டிய இடம் பறிபோகிறது. ஒரே அறையில் படுத்த மூவருக்கும் காலையில் ஒரே மாதிரியாகத் தலை கனக்கிறது என்றால் வேறு காரணத்தைத் தேடுவதற்கு முன் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். விரலில் மாட்டும் கருவியை நம்பி ஏமாந்துவிடாதீர்கள்: கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே அது எண்ணிக்கொண்டு, ஆள் மயங்கிக் கிடக்கும்போதும் 98 என்று காட்டக்கூடியது. தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் எது வந்தாலும் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளிருக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

இனி உங்கள் மகள் சொன்னதற்கு வருகிறேன். அவள் சொல்வது பாதி சரி. உலர்ந்த காற்றில் ஆக்சிஜனின் பங்கு தஞ்சாவூரிலும் தொட்டபெட்டா உச்சியிலும் ஏறக்குறைய 21 சதவீதம்தான், அது மாறுவதில்லை. மாறுவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் என்று இருக்கும் அழுத்தம், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் 580 அளவுக்கு இறங்கிவிடுகிறது. மூக்கின் வழியாக உள்ளே போகும் காற்று உடலின் சூட்டில் முழுதும் ஈரமாகிறது. அந்த நீராவிக்கு 47 மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்துவிட்டு, மீதியில் 21 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால், தஞ்சாவூரில் சுமார் 150, உதகையில் சுமார் 112. ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது இந்த அழுத்தம்தான். அதில் கால் பங்கு இங்கே குறைந்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் உங்கள் கருவி 98 காட்டுவதற்குக் காரணமும் இதுவே. அந்த ஊர் சுமார் 325 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

உள்ளே போன காற்று எங்கே போகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். குரல்வளைக்குக் கீழே தொடங்கும் மூச்சுக்குழாய், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம் இறங்கி, மார்பெலும்பின் மேற்பகுதிக்குப் பின்னால் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்க நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இதயத்துக்கு இடம் விட வேண்டியிருப்பதால் இடப்பக்கத்துக்கு இரண்டு. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, ஏறத்தாழ 23 முறை கிளைத்த பிறகு, குழல்கள் நுண்ணிய காற்றறைகளில் முடிகின்றன. இரு நுரையீரலிலும் சேர்ந்து அவை முப்பது கோடிக்கும் மேல். அத்தனையையும் விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு வரும். ஒவ்வொரு காற்றறையின் சுவரையும் சுற்றித் தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய ரத்த நாளங்கள் பின்னிக் கிடக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள திரையின் தடிமன் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரமாகப் பங்கிட்டால் கிடைக்கும் அளவுதான். நாம் ஓய்வாக இருக்கும்போது ஒரு சிவப்பணு இந்த இடத்தைக் கடக்க முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டுவிடுகிறது. மீதி நேரம் கையிருப்பு. மேடு ஏறும்போது ரத்தம் வேகமாக ஓடுவதால் இந்தக் கையிருப்பு குறைகிறது. தள்ளும் அழுத்தமும் குறைந்த மலையில் அது இன்னும் இறுக்கமாகிறது. சமதரையில் ஒன்றும் தெரியாமல், ஏற்றத்தில் மட்டும் உங்களுக்குத் தெரிவதற்கு இது ஒரு காரணம். மூச்சை இழுப்பது நுரையீரல் அல்ல என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். நுரையீரலுக்கென்று அந்த வேலையைச் செய்யும் தசை கிடையாது. கீழே இருக்கும் உதரவிதானமும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும்தான் மார்புக் கூட்டை விரித்து அதை விரிய வைக்கின்றன.

ஆக்சிஜன் அழுத்தம் கால் பங்கு குறைந்தும், கருவியில் 98 ஏன் 94-க்கு மட்டும் இறங்குகிறது என்ற கேள்வி எழ வேண்டும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும் விதம் நேர்கோட்டில் போவதில்லை. அது நம் நீலகிரியைப் போன்றது: மேலே நெடுந்தூரம் மேட்டுநிலம், விளிம்பு தாண்டினால் செங்குத்துச் சரிவு. ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் நூறிலிருந்து அறுபதுகளுக்கு இறங்கும் வரை, ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறிய பங்கு (கருவி காட்டும் எண் இதுதான்) சுமார் 90 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். அதற்குக் கீழே இறங்கினால் விரைவாகச் சரியும். உதகையில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் நல்ல உடல்நிலை கொண்ட ஒருவருக்கு 93 முதல் 96 வரை காட்டுவது வழக்கமானதே. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கருவி ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சி, நாடித்துடிப்போடு சேர்ந்து எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்துக் கணக்கிடுகிறது. விடியற்காலைக் குளிரில் விரல் விறைத்து, உள்ளே நாளங்கள் சுருங்கிக் கிடந்தால் கணக்குத் தவறிவிடும். மருதாணியும் நகப்பூச்சும் கூடக் குழப்பும். கையைத் தேய்த்துச் சூடேற்றி, ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து, எண் அசையாமல் நிற்கும்போது பாருங்கள்.

இந்தக் குறைவை உடல் எங்கே உணர்கிறது? கழுத்தின் இருபுறமும் நாடி துடிக்கும் பெருந்தமனி மேலே இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. அந்த வழியாக மூளைக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அது, மூச்சை இயக்கும் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி அனுப்புகிறது. முகுளம் உதரவிதானத்தை இன்னும் ஆழமாக, இன்னும் விரைவாக இயங்கச் சொல்கிறது. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் பெல்ஜியத்தைச் சேர்ந்த கார்னேய் ஹேமான்ஸ் 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆகவே மேட்டில் மூச்சு வாங்குவது என்பது, ஓர் அளவு வரை, உங்கள் உடல் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம்.

இரண்டாவது உணர்வுறுப்பு சிறுநீரகம். இதைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கும். சிறுநீரகத்தில் உள்ள சில செல்கள் ஆக்சிஜன் குறைவை உணர்ந்து எரித்ரோபாய்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. அது ரத்த ஓட்டத்தில் கலந்து, மார்பெலும்பு, இடுப்பெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுக்களை அதிகம் உருவாக்கச் சொல்கிறது. செல்கள் ஆக்சிஜனின் அளவை எப்படி அறிகின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலைக்கு வந்த முதல் சில நாட்களில், ரத்தத்தின் நீர்ப்பகுதி சற்றுக் குறைவதாலேயே ஹீமோகுளோபின் கூடியதுபோல் தெரியும். உண்மையான கூடுதல் சில வாரங்களில் மெல்ல வரும். உங்கள் மாமியார் சொன்னது அந்த அளவில் தவறல்ல. மலை உங்கள் ரத்தத்தை ஊறச் செய்யப் பார்த்திருக்கிறது. ஊற வேண்டிய அளவுக்கு ஊறவில்லை என்பதுதான் என் கவலை.

நீங்கள் 94-ஐக் கண்டு பயப்படுகிறீர்கள், 12.5-ஐக் கண்டு நிம்மதி அடைகிறீர்கள். நான் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் ‘12 முதல் 15 வரை’ என்பது சமவெளிப் பெண்களுக்கான அளவு. உயரமான இடங்களில் வாழ்வோருக்கு அதை உயர்த்திப் பார்க்க வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் நெடுநாளாகவே சொல்லிவருகிறது. 2024-இல் அது வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2,000 முதல் 2,499 மீட்டர் வரையிலான உயரத்துக்கு 1.4 கிராம் கூட்டிக்கொள்ள வேண்டும்; உதகையும் கொடைக்கானலும் இதில் வரும். குன்னூர் அதற்கு ஒரு படி கீழே, 1.1 கிராம். அப்படியானால் கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு உதகையில் குறைந்தபட்ச அளவு 12 அல்ல, 13.4. உங்கள் 12.5 என்பது தஞ்சாவூர்க் கணக்கில் 11.1-க்குச் சமம். அங்கே 11.8 ஆக இருந்தபோதே உங்களுக்கு லேசான ரத்தசோகை இருந்தது. இங்கே வந்து எண் ஏறியது, ரத்தசோகை போகவில்லை, சற்றுக் கூடியே இருக்கிறது.

இது வெறும் தாள் கணக்கு அல்ல. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 12.5 கிராம், 94 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் ரத்தம் ஒவ்வொரு நூறு மில்லிலிட்டரிலும் ஏறத்தாழ 15.7 மில்லிலிட்டர் ஆக்சிஜனைக் கொண்டுபோகிறது. அதே 94 சதவீதத்தில் உங்கள் ஹீமோகுளோபின் 14 ஆக இருந்தால் 17.6 கொண்டுபோகும். மாறாக, ஹீமோகுளோபினை அப்படியே வைத்துவிட்டு, 94-ஐ 98 ஆக்கினால் கிடைப்பது 16.4 மட்டும். ஆக்சிஜன் கேன் வாங்கலாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பணத்தை அதில் போடாதீர்கள். சில நிமிடங்களில் தீர்ந்துபோகும் அந்தக் கேன் மேட்டின் பாதி வரைகூட உதவாது.

இதயத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் அதைச் சந்தேகிக்கும்படி ஒன்றும் இல்லை. உடலெங்கும் சுற்றி வந்த ரத்தம் இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலுக்குப் போய், ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு இடப்பக்கம் திரும்பி, அங்கிருந்து பெருந்தமனி வழியாக மீண்டும் உடலுக்குப் போகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். ஏற்றத்தில் அது மூன்று மடங்காகக்கூடும். ஒவ்வொரு லிட்டரிலும் ஆக்சிஜன் குறைவாக இருந்தால், அதைச் சரிக்கட்ட இதயம் இன்னும் விரைவாக அடிக்க வேண்டியிருக்கிறது. மேடு ஏறும்போது படபடப்பும் சேர்ந்து வருகிறதா என்பதை உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ரத்தம் ஊறாததற்குக் காரணம் என்ன? எரித்ரோபாய்டின் ஆணையிடலாம்; மஜ்ஜையிடம் சரக்கு இருக்க வேண்டுமே. சரக்கு என்பது முதன்மையாக இரும்புச்சத்து. வயது வந்த ஒருவர் உடலில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்புதான் உண்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்ந்து முடிந்ததும், மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள செல்கள் அதைச் சிதைத்து, இரும்பை மீட்டு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இப்படிச் சுழல்கிறது. உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம்தான். இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டில் ரத்தப்போக்கு ஒன்றுதான் பெரிய ஓட்டை. இரண்டு மில்லிலிட்டர் ரத்தத்தோடு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம் இரும்பு போகிறது. மாதவிலக்கில் 80 மில்லிலிட்டர் போனால் 40 மில்லிகிராம். ஆறு நாள், அதில் மூன்று நாள் அதிகம் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிகள் விழுகின்றனவா, ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைந்துவிடுகிறதா என்று கவனித்துக்கொண்டு, மகளிர் நல மருத்துவரிடம் காட்டி, கருப்பையில் நார்த்திசுக் கட்டி உள்ளதா என்று ஸ்கேன் பார்ப்பது நல்லது. தைராய்டு பரிசோதனையும் அதோடு சேரட்டும்.

தேநீரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நீலகிரியில் தேநீர் குடிக்காதீர்கள் என்று எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை, அது தேவையும் இல்லை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீரில் உள்ள டானின் வகைப் பொருள்கள், கீரை, பருப்பு, கேழ்வரகு போன்ற தாவர உணவுகளிலுள்ள இரும்பைப் பிணைத்து, குடல் உறிஞ்சும் அளவில் பாதிக்கு மேல் குறைத்துவிடுகின்றன. காலையில் இட்லியோடு ஒரு டம்ளர், மதியம் டிபன் பாக்ஸை மூடியதும் ஆசிரியர் அறையில் ஒரு டம்ளர் என்ற பழக்கம் இருந்தால், அவற்றைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உணவோடு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை எதுவாவது இருந்தால் இரும்பு உறிஞ்சப்படுவது கூடும். மீன், ஆட்டிறைச்சி, ஈரல் சாப்பிடுபவராக இருந்தால் அவற்றிலுள்ள இரும்புக்கு இந்தத் தடை மிகக் குறைவு. ஈரலை மட்டும் கர்ப்பமாக இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

நீங்களாகவே கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். ரத்தசோகை என்றாலே இரும்புக் குறைவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முழு ரத்தப் பரிசோதனையில் சிவப்பணுவின் பருமன் எவ்வளவு என்று பார்ப்பார்கள். இரும்புக் குறைவில் அது சிறுத்திருக்கும், பி12 குறைவில் பெருத்திருக்கும். ஃபெரிட்டின் என்ற சோதனை இரும்பின் சேமிப்பைக் காட்டும்; அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். காய்ச்சல், தொற்று இருக்கும் நாட்களில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால் அப்போது எடுக்காதீர்கள். நீலகிரியின் பழங்குடிக் குடும்பங்களில் வேறொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது: இந்தியாவில் அரிவாள் செல் பண்பு (சிவப்பணுக்களை அரிவாள் போல வளையச் செய்யும் பரம்பரைக் கூறு) 1952-இல் இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான் முதலில் கண்டறியப்பட்டது. உங்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். உங்கள் வகுப்பில் அடிக்கடி மூட்டுவலி, கண் மஞ்சள், சோர்வு என்று விடுப்பு எடுக்கும் பிள்ளை இருந்தால், அரசு மருத்துவமனைக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல அந்தத் தகவல் உங்களுக்குப் பயன்படும்.

படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், நெஞ்சில் அழுத்தம், மயக்கம், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல், கை சூடாக இருந்தும் ஓய்வில் 90-க்குக் கீழே காட்டுவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இந்தப் பதிலை ஒதுக்கி வைத்துவிட்டு நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரும்புக் குறைவு என்று உறுதியானால், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையைத் தேநீர், பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மலம் கருத்துப்போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றித் தருவார். மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும்; ஏறவில்லையென்றால் காரணத்தை மறுபடியும் தேட வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறுவது இதற்குப் பிறகுதான். எண் 13.4-ஐத் தாண்டி, எல்க்ஹில் ஏற்றம் எளிதானதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் எண் சரியானாலும் சேமிப்பு நிரம்பியிருக்காது. அதன் பிறகும் மூன்று மாதம் தொடர்ந்து எடுத்து, ஃபெரிட்டினை மறுபடி பார்த்த பிறகே நிறுத்தலாம்.